நெட்வொர்க் ஸ்விட்சில் யாருக்கு முதல் வழி? டிராஃபிக் முன்னுரிமையை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பக்கம் பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் ஒருவர் ஐபி ஃபோனில் பேசுகிறார், அவர் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. லைன் கிராஃபைத் திறந்தால் 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு இடம் சும்மா கிடக்கும்போது குரல் ஏன் உடைகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பலர் நேராக ஸ்விட்சின் கியூஓஎஸ் (டிராஃபிக்குக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு) பக்கத்துக்குப் போய், வாய்ஸுக்கு மேலே ஒரு டிக், வீடியோவுக்கு ஒரு டிக் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதில் பாதி நேரம் எதுவும் மாறாது, மீதிப் பாதியில் நிலைமை இன்னும் மோசமாகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்னுரிமை கொடுப்பதால் எந்த பாக்கெட்டும் (டேட்டா துண்டும்) வேகமாக ஓடாது. கம்பியில் போகும் வேகம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரே போர்ட் வழியாக ஒரே நேரத்தில் நிறையப் பேர் வெளியேறப் பார்க்கும்போது யாரைக் காக்க வைப்பது, இடமே இல்லாமல் போனால் யாரைக் கைவிடுவது என்பதை ஸ்விட்ச் முடிவு செய்கிறது, அவ்வளவுதான். க்யூ நிற்காத இடத்தில் முன்னுரிமைக்கு வேலையே இல்லை. அதனால் முதல் வேலை க்யூ எங்கே நிற்கிறது என்று தேடுவது.

1. நெரிசல் எந்த போர்ட்டில் என்று கண்டுபிடியுங்கள்

இன்றைய ஸ்விட்சுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இடப் பற்றாக்குறை கிடையாது, எல்லா போர்ட்டும் முழு வேகத்தில் ஓடினாலும் தாங்கும். நெரிசல் வருவது வெளியேறும் போர்ட்டில்தான். இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டுகள் ஒரே நேரத்தில் மூன்றாவது 1 ஜிகாபிட் போர்ட்டுக்கு அனுப்பினால் நெரிசல். 10 ஜிகாபிட் அப்லிங்கில் (அடுத்த ஸ்விட்சோடு இணைக்கும் பெரிய லைனில்) வருவது 1 ஜிகாபிட் போர்ட் வழியாகப் போக வேண்டுமென்றாலும் நெரிசல்.

இரண்டாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வர் 10 ஜிகாபிட் லைனில் 1 மெகாபைட்டை ஒரே மூச்சில் அனுப்புகிறது. அது வந்து சேர 0.8 மில்லிசெகண்ட் போதும். அந்த 0.8 மில்லிசெகண்டில் 1 ஜிகாபிட் போர்ட் வெளியே தள்ளியிருப்பது 100 கிலோபைட் மட்டுமே. மிச்சம் 900 கிலோபைட் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) உட்கார வேண்டும், அது முழுதாக வடிய இன்னும் 7 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சின்ன ஸ்விட்சுகளில் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்தே பஃபர் ஒன்றிரண்டு மெகாபைட்தான் இருக்கும், அதில் ஒரு போர்ட்டுக்குக் கிடைப்பது ஒரு பங்கு. நிரம்பியதும் பின்னால் வருவதெல்லாம் டிராப், அதாவது கைவிடப்படும். இவ்வளவும் 10 மில்லிசெகண்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் கிராஃபோ 5 நிமிடச் சராசரியைக் காட்டுகிறது, அதில் இது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. மைக்ரோபர்ஸ்ட் என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே கிராஃபை விட்டுவிட்டு போர்ட்டின் அவுட்புட் டிராப் கவுண்டரைப் பாருங்கள். ஒரு முறை குறித்துக்கொண்டு, புகார் வரும் நேரத்தில் 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் இடம் கிடைத்துவிட்டது. எந்த போர்ட்டிலும் ஏறவில்லையா? அப்படியானால் சிக்கல் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது. சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்தவற்றின் எண்ணிக்கை) ஏறுகிறதா, ஒரு முனை ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) நிற்கிறதா, வைஃபை சரியாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கேபிள் கெட்டுப்போனதற்குக் கியூஓஎஸ் மருந்தாகாது.

நாள் முழுக்க ஒரு போர்ட் 95 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் அங்கே முன்னுரிமை அமைத்து நேரத்தை வீணாக்காமல் லைனைப் பெரிதாக்கிவிடுங்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

2. என்னென்ன டிராஃபிக் ஓடுகிறது என்று பிரித்து எழுதுங்கள்

ஸ்விட்சைத் தொடும் முன் தாளில் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று கேள்விகள்: தாமதம் தாங்குமா, இழப்பு தாங்குமா, எவ்வளவு இடம் கேட்கும்?

வாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது செகண்டுக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், அதன் மேல் ஹெடர்கள் (முகவரி, வரிசை எண் போன்ற தகவல்கள்): ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20, ஈதர்நெட் 18, மொத்தம் 218 பைட். ஒரு திசைக்குக் கிட்டத்தட்ட 87 கிலோபிட். 100 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 9 மெகாபிட்டைத் தாண்டாது. கேட்பது கொஞ்சம்தான், ஆனால் நேரத்துக்குக் கேட்கும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. தொலைந்த குரல் பாக்கெட்டை மறுபடி அனுப்பிப் பயனில்லை, அது வந்து சேரும்போது பேச்சு எங்கேயோ போயிருக்கும்.

வீடியோ கால் அப்படி இல்லை. திரையில் யாராவது அசைந்தால் பாக்கெட்டுகள் கூட்டமாகக் கிளம்பும், சும்மா உட்கார்ந்திருந்தால் குறையும். பேக்கப், ஃபைல் காப்பி, அப்டேட் இவையெல்லாம் கிடைத்த இடத்தையெல்லாம் விழுங்கும், ஆனால் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னால் கோபப்படாது, ஏனென்றால் இவை பயன்படுத்தும் டிசிபி புரோட்டோகால் விழுந்ததை மறுபடி அனுப்பிக்கொள்ளும். இவை போக ஸ்பானிங் ட்ரீ (லூப் உருவாகாமல் தடுப்பது), ரூட்டிங் புரோட்டோகால் (பாதை கண்டுபிடிப்பது) போன்ற கட்டுப்பாட்டு டிராஃபிக். அளவு துளிதான், அது தொலைந்தால் நெட்வொர்க்கே ஆட்டம் காணும்.

நான்கு வகுப்புகள் போதும்: வாய்ஸ், வீடியோ, சாதாரணம், கடைசி. எட்டு க்யூ இருக்கிறதே என்று எட்டையும் நிரப்பாதீர்கள், ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று உங்களுக்கே தெரியாது. இன்னொன்று, ஒவ்வொரு துறையும் எங்கள் மென்பொருள்தான் முக்கியம் என்று வந்து நிற்கும். எல்லாரையும் மேலே ஏற்றினால் யாரையும் ஏற்றவில்லை என்றுதான் அர்த்தம். மேலே யாரை வைப்பது என்று கேட்பதை விட, யாரைக் கீழே இறக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பேக்கப்பைக் கீழே இறக்கியதும் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடுகின்றன.

3. பாக்கெட்டில் முத்திரை எங்கே இருக்கிறது

வந்த பாக்கெட் எந்த வகை என்று ஸ்விட்ச் எப்படித் தெரிந்துகொள்ளும்? இரண்டு இடங்களில் பார்க்கும்.

முதலாவது ஈதர்நெட் ஃபிரேமில் (பாக்கெட்டைச் சுற்றிய உறையில்) உள்ள 802.1க்யூ டேக். 4 பைட் கொண்ட இந்த டேக்கில் 12 பிட் வீலான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எண்ணுக்குப் போகிறது, 3 பிட் பிசிபி என்ற முன்னுரிமை எண். 0 முதல் 7 வரை எட்டு மதிப்புகள். இங்கே ஒரு வேடிக்கை: 0 என்பது சாதாரண டிராஃபிக், 1 என்பது அதற்கும் கீழே உள்ள பின்னணி டிராஃபிக். எண் பெரிதானால் முன்னுரிமை பெரிது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பி, ஒரு மென்பொருளைக் கொஞ்சம் உயர்த்துவதாக நினைத்து 1 கொடுத்துக் கீழே தள்ளியவர்கள் உண்டு.

இரண்டாவது ஐபி ஹெடரில் உள்ள டிஎஸ்சிபி. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2474 என்ற இணையத் தர ஆவணம், பழைய டாஸ் (சேவை வகை) பைட்டின் மேல் 6 பிட்டை இதற்கு ஒதுக்கியது, ஆக 0 முதல் 63 வரை. வாய்ஸுக்கு 46, இதற்கு ஈஎஃப் என்று பெயர். வீடியோ காலுக்கு 34, அதாவது ஏஎஃப்41. அந்தப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: வகுப்பு 4ஐ எட்டால் பெருக்கி, டிராப் நிலை 1ஐ இரண்டால் பெருக்கிக் கூட்டினால் 34. டிராப் நிலை கூடக்கூட நெரிசலில் முதலில் விழும். பின்னணி வேலைக்கு 8, சிஎஸ்1.

பிசிபி டேக்கோடு பிறந்து டேக்கோடு போய்விடும். டேக் இல்லாத போர்ட்டில் வெளியேறினாலோ ரூட்டரைத் தாண்டினாலோ அது மிஞ்சாது. டிஎஸ்சிபி ஐபி ஹெடரோடு கடைசி வரை போகும், வழியில் யாரும் அழிக்காவிட்டால். அதனால் முடிந்தவரை டிஎஸ்சிபியையே அடிப்படையாக வையுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாரும் ஒரு தடவையாவது விழுவோம். சில கருவிகள் டிஎஸ்சிபி எண்ணைக் கேட்கும், சில முழு டாஸ் பைட்டைக் கேட்கும். டிஎஸ்சிபி அந்த பைட்டின் மேல் 6 பிட் என்பதால் நான்கால் பெருக்க வேண்டும்: 46 என்பது அங்கே 184. லினக்ஸின் பிங் கட்டளை டாஸ் பைட்டைத்தான் கேட்கிறது. அங்கே 46 என்று கொடுத்தால் டிஎஸ்சிபி 11 ஆகப் போகும், 11 என்ற எண்ணுக்கு எந்த ஸ்விட்சும் தனி மரியாதை கொடுக்காது, நீங்கள் ஸ்விட்சைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

4. யாருடைய முத்திரையை நம்புவது

முத்திரை குத்துவது அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் தன் டோரண்ட் டிராஃபிக்குக்கு 46 குத்தி அனுப்பினால்? நம்பினால் அது வாய்ஸ் க்யூவில் வந்து உட்காரும். எனவே நம்பிக்கையின் எல்லை எது என்று தீர்மானிக்க வேண்டும், அது பயனர் இணையும் முதல் ஸ்விட்சாக இருப்பதே நல்லது. ஐபி ஃபோன் இருக்கும் போர்ட்டில் ஃபோனின் முத்திரையை நம்புங்கள், ஃபோனுக்குப் பின்னால் செருகிய கம்ப்யூட்டரின் முத்திரையை 0 ஆக்குங்கள். ஃபோனுக்குத் தனி வாய்ஸ் வீலான் இருந்தால் இது சுலபம், எல்எல்டிபி-மெட் என்ற அறிமுகப் புரோட்டோகால் வழியாக ஸ்விட்சே ஃபோனுக்கு வீலான் எண்ணையும் டிஎஸ்சிபியையும் சொல்லிவிடும். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலுள்ள அப்லிங்கில் முத்திரையை அப்படியே நம்புங்கள்.

இதில் நான் நன்றாகவே அடி வாங்கியிருக்கிறேன். ஒரு ஸ்விட்சில் கியூஓஎஸ்ஸை ஆன் செய்யும் ஒரே ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டேன். மறுநாள் குரல் முன்பை விட மோசம். போர்ட் மிரர் போட்டு (போர்ட்டின் டிராஃபிக்கை நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆராயும் மென்பொருளில் பார்த்தால், உள்ளே 46 ஆகப் போன பாக்கெட் வெளியே 0 ஆக வருகிறது. அந்த மாடலில் கியூஓஎஸ் ஆன் ஆனதும் எல்லா போர்ட்டும் நம்பிக்கையற்ற நிலைக்குப் போய், வருகிற முத்திரையெல்லாம் துடைக்கப்படும். ஆஃபில் இருந்தவரை தொடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது! கூடவே பஃபரை நான்கு க்யூவுக்கும் பங்கு போட்டுவிட்டதால், எல்லா டிராஃபிக்கும் ஒரே க்யூவில் போய் கால்வாசி பஃபரில் முட்டி மோதிக்கொண்டிருந்தது. புதிய மாடல்கள் பல இயல்பாகவே நம்பும், ஆனாலும் உங்கள் மாடல் என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்காமல் ஆன் செய்யாதீர்கள்.

5. முத்திரையிலிருந்து க்யூவுக்கு

ஒவ்வொரு வெளியேறும் போர்ட்டிலும் பொதுவாக 4 அல்லது 8 க்யூக்கள் இருக்கும். எந்த எண் எந்த க்யூவுக்கு என்று ஓர் அட்டவணை ஸ்விட்சில் இருக்கும், அதை நீங்கள் மாற்றலாம். 46 மேல் க்யூவுக்கு, 34 அடுத்ததற்கு, 0 அதற்கும் அடுத்ததற்கு, 8 கடைசிக்கு. 48, 56 இரண்டும் கட்டுப்பாட்டு டிராஃபிக்குக்கானவை, அவற்றையும் மேலே வையுங்கள். மேல் க்யூ எது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சிலருக்கு 1, சிலருக்கு 7. இரண்டு வகை ஸ்விட்ச் கலந்திருக்கும் இடத்தில் அமைப்பை அப்படியே காப்பி அடித்தால் தலைகீழாகிவிடும்.

வைஃபைக்குப் போகும் பாதையில் ஒரு கோளாறு. பல சாதனங்கள் டிஎஸ்சிபியின் மேல் 3 பிட்டை மட்டும் வெட்டி எடுத்து வைஃபை முன்னுரிமையாக வைக்கும். 46இன் மேல் 3 பிட் 5. வைஃபையிலோ 5 என்றால் வீடியோ வகுப்பு, வாய்ஸுக்கு 6 வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதைச் சரிசெய்யச் சொல்கிறது, உங்கள் ஆக்சஸ் பாயிண்ட் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. யார் முதலில் வெளியேறுவது

முன்னுரிமையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. போர்ட் ஒரு ஃபிரேமை அனுப்பி முடித்ததும், அடுத்து எந்த க்யூவிலிருந்து எடுப்பது? இரண்டு வழிகள்.

கண்டிப்பான முன்னுரிமை: மேல் க்யூவில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தாலும் அதுதான் முதலில். அது காலியாகும் வரை கீழே யாருக்கும் வாய்ப்பு இல்லை. வாய்ஸுக்கு இது பிரமாதம், ஏனென்றால் வாய்ஸ் கொஞ்சமாகத்தான் வரும். இதே க்யூவில் வீடியோவையோ, தவறாக முத்திரை குத்திய ஃபைல் காப்பியையோ விட்டீர்களானால் கீழே உள்ளவர்கள் பட்டினிதான். அதனால் கண்டிப்பான க்யூவுக்கு உச்சவரம்பு ஒன்று போட்டுவிடுங்கள், லைனில் 10 சதவீதம் என்று. 1 ஜிகாபிட்டில் அது 100 மெகாபிட், மேலே போட்ட கணக்கின்படி ஆயிரம் கால்களே தாங்கும்.

எடை போட்டுப் பகிர்வது: க்யூக்களுக்கு 4, 2, 1 என்று எடை கொடுத்தால் ஒரு சுற்றில் அந்த விகிதத்தில் வெளியேறும். எளிய டபிள்யூஆர்ஆர் முறை பாக்கெட்டுகளை எண்ணிக்கையால் கணக்கிடும், அதில் ஓர் ஓட்டை உண்டு. 1,500 பைட் பாக்கெட்டுகள் அனுப்பும் பேக்கப்பும் 200 பைட் அனுப்பும் இன்னொன்றும் சம எடையில் இருந்தால், பேக்கப்புக்கு ஏழரை மடங்கு இடம் போய்விடும். பைட் கணக்கு வைக்கும் டிஆர்ஆர் முறை உங்கள் ஸ்விட்சில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இரண்டையும் கலந்ததுதான்: வாய்ஸும் கட்டுப்பாடும் கண்டிப்பான க்யூவில், மீதி மூன்றும் எடையில். எடை க்யூக்களில் ஒன்று காலியாக இருந்தால் அதன் பங்கை மற்றவை எடுத்துக்கொள்ளும், எனவே எடை 1 கொடுத்த பேக்கப் ராத்திரியில் யாரும் இல்லாதபோது முழு லைனிலும் ஓடும்.

எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், ஏற்கெனவே கம்பியில் ஏறிவிட்ட ஃபிரேமை இழுத்து நிறுத்த முடியாது. 1,500 பைட் ஃபிரேம் 1 ஜிகாபிட்டில் 12 மைக்ரோசெகண்ட் எடுக்கும், 100 மெகாபிட்டில் 120, 10 மெகாபிட்டில் 1.2 மில்லிசெகண்ட். குரலுக்கு இது ஒன்றுமே இல்லை. இயந்திரங்களை மைக்ரோசெகண்ட் கணக்கில் இயக்கும் தொழிற்சாலை நெட்வொர்க்குகளுக்கு இது பெரிய விஷயம், அதற்காகத்தான் நேர அட்டவணை போட்டுக் கதவைத் திறந்து மூடும் 802.1க்யூபிவி போன்றவை வந்தன. அலுவலக நெட்வொர்க்கில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

7. பஃபர் நிரம்பினால் யாரை விடுவது

இயல்பாக நடப்பது டெயில் டிராப், நிரம்பிய பின் வருகிறவர் விழுவார். பல டிசிபி இணைப்புகள் ஒரே நேரத்தில் இழந்து, ஒரே நேரத்தில் வேகம் குறைத்து, மறுபடி ஒன்றாக ஏறும், லைன் அலை அலையாக ஓடும். க்யூ நிரம்பும் முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுவது டபிள்யூரெட். டிசிபி ஓடும் க்யூக்களில் மட்டும் இதை வையுங்கள், வாய்ஸ் க்யூவில் வேண்டாம், அதற்கு வேகத்தைக் குறைக்கவே தெரியாது.

டிராப் பிடிக்கவில்லை என்று பஃபரை வாரிக் கொடுப்பதும் ஆபத்துதான். 1 மெகாபைட் க்யூ 1 ஜிகாபிட்டில் 8 மில்லிசெகண்ட் தாமதம், அதே க்யூ 100 மெகாபிட் போர்ட்டில் 80 மில்லிசெகண்ட்.

802.3எக்ஸ் ஃப்ளோ கண்ட்ரோல் (நிரம்பினால் அனுப்புகிறவரை நிறுத்தச் சொல்வது) ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது அனுப்பும் பாஸ் ஃபிரேம் ஆள் பார்க்காது, வாய்ஸையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஸ்டோரேஜ் நெட்வொர்க்குக்கு இழப்பே கூடாது என்றால் வகுப்புவாரியாக நிறுத்தும் பிஎஃப்சி இருக்கிறது, அது தனிக் கதை.

8. வெளியே போகும் லைன்

எல்லாம் சரியாகச் செய்தும் வெளியூர்க் கால் மட்டும் உடைகிறதா? உங்கள் போர்ட் 1 ஜிகாபிட், சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் 200 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சைப் பொறுத்தவரை லைன் காலியாக இருக்கிறது, க்யூவே நிற்காது. 200ஐத் தாண்டியதை மறுமுனையில் உள்ள போலீசர் (வேக வரம்பைக் காக்கும் அமைப்பு) வெட்டி எறியும், அதற்கு உங்கள் வாய்ஸ் எது என்ற கவலை பெரும்பாலும் இல்லை. க்யூவை உங்கள் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்: வெளியேறும் போர்ட்டில் அல்லது ரூட்டரில் 190 மெகாபிட்டுக்கு ஷேப்பிங் (மிஞ்சியதை வெட்டாமல் க்யூவில் காக்க வைப்பது) போடுங்கள். நெரிசல் உங்கள் பெட்டியில் நடந்தால்தான் உங்கள் விதி செல்லும்.

9. வேண்டுமென்றே நெரிசலை உண்டாக்கிச் சோதியுங்கள்

காலி லைனில் சோதித்து "நன்றாக இருக்கிறது" என்பது சோதனையே இல்லை. இரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்து மூன்றாவதுக்கு ஐபர்ஃப் என்ற வேகச் சோதனைக் கருவி கொண்டு முழு வேகத்தில் அனுப்பி, அந்த போர்ட்டை நிரப்புங்கள். அதோடு டிஎஸ்சிபி 46 குத்திய சின்ன யூடிபி ஓட்டம் ஒன்றை ஓட விட்டு, அதன் இழப்பையும் ஜிட்டரையும் (தாமதம் ஏறி இறங்குவதையும்) பாருங்கள். பிறகு அதே ஓட்டத்தை முத்திரையில்லாமல் அனுப்புங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெறும் முனையில் வயர்ஷார்க்கைத் திறந்து முத்திரை 46 ஆகவே வருகிறதா என்று பாருங்கள், வரவில்லையென்றால் ஒவ்வொரு ஸ்விட்சாகப் பின்னால் போங்கள், எங்கோ ஒரு போர்ட் துடைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் திசையை மாற்றி இதையே மறுபடி செய்யுங்கள். க்யூ வெளியேறும் பக்கத்தில்தான் என்பதால் போகும் வழியும் வரும் வழியும் தனித்தனி அமைப்பு, "அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதுதான் அவருக்கு உடைகிறதாம்" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

முடிந்ததும் கவுண்டர்களை அழித்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு க்யூவாரியாக டிராப் எண்ணிக்கையைப் பாருங்கள். வாய்ஸ் க்யூவில் விட்டு விட்டு டிராப் ஏறினாலும் காரணம் தேட வேண்டும், ஒன்று உச்சவரம்பு போதவில்லை, இல்லை வேண்டாத யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். கடைசி க்யூவில் ஆயிரக்கணக்கில் டிராப் இருக்கும். அறிக்கையில் அது சிவப்பாகத் தெரிகிறது என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால் பஃபரைக் கூட்டப் போய்விடாதீர்கள், அன்றைய பேக்கப் முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள்.